மூன்றாம் பாடத்தில் செத்துப்போனவர்

பம்பு டீச்சர் என்றால்தான் எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கச் சொல்லிக்கொடுப்பவர். பக்கத்து அறையில் வெல்டிங் வகுப்பெடுக்கும் எனக்குச் சுவர் வழியாகவே அவர் பாடம் பாதி மனப்பாடம்.

அவர் வீட்டுக்காரர் தையல்காரர். தங்கமான மனுஷன், கைதான் சும்மா இருக்காது. சில வருடங்களுக்கு முன் மனைவி வெளியூர் போயிருந்த நாளில், வீட்டு மோட்டாரைப் போட்டுவிட்டுச் சட்டைக்குக் காலர் வைக்க உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் வரவில்லை, புகை வந்தது. குழாயில் தண்ணீர் நிரப்பாமல் மோட்டாரை ஓட்டினால் என்ன ஆகும் என்பதற்கு வேறென்ன உதாரணம் வேண்டும்? டீச்சர் அதை அப்படியே மூன்றாம் பாடத்தில் எழுதிவிட்டார்: "என் கணவர் தண்ணீர் நிரப்பாமல் மோட்டாரைப் போட்டார். மோட்டார் கருகியது."

போன வருடம் எல்லாப் பயிற்சி நிலையங்களுக்கும் பொதுவாக இணையத்தில் ஒரு பாடக் களஞ்சியம் திறந்தார்கள். நம் பாடத்தை அதில் ஏற்றலாம். வேறொரு ஆசிரியர் அதை எடுத்துத் தன் வகுப்புக்குத் தோதாக மாற்றிப் புதுப் பதிப்பாகப் போடலாம். எத்தனை கை மாறினாலும் முதலில் எழுதியவர் பெயர் மேலே இருக்கும். டீச்சர் தன் பன்னிரண்டு பாடங்களையும் ஏற்றினார். மூன்றாம் பாடத்தை மட்டும் பதினேழு பேர் எடுத்துக்கொண்டார்கள்.

முதல் வாரமே ஒரு ஆசிரியர் போன் செய்தார்.

"டீச்சர், 'என் கணவர்'னு இருந்ததை மாத்தாம அப்படியே வாசிச்சுட்டேன். எனக்கு இவ்ளோ பெரிய மீசை இருக்கு டீச்சர். வகுப்பு இன்னும் அடங்கல."

பிறகு ஆளாளுக்குக் கை வைத்தார்கள். ஒருவர் ஒரு மோட்டாரை மூன்றாக்கினார். இன்னொருவர் தீயணைப்பு வண்டியை வரவழைத்தார். ஆறாம் பதிப்பு போட்டவர், மாணவர்களுக்குப் பயம் வரட்டும் என்று, "மின்சாரம் தாக்கி அங்கேயே உயிரிழந்தார்" என்று சேர்த்துவிட்டார். அந்தப் பதிப்பில் படங்கள் நன்றாக இருந்ததால் மற்றவர்களும் அதையே எடுத்தார்கள்.

இதெல்லாம் தெரியாமல் தையல்காரர் ஒருநாள் குழாய்க்கு வாஷர் வாங்க ஒரு கடைக்குப் போனார். கடைப் பெண் சமீபத்தில்தான் வேறொரு நிலையத்தில் பயிற்சி முடித்தவள். பேச்சுவாக்கில், பம்பு டீச்சர் தன் மனைவி என்று இவர் பெருமையாகச் சொன்னார். அவள் இவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ரெண்டாவது வீட்டுக்காரரா சார்?"

அவளிடம் மூன்றாம் பாடக் கதையைக் கேட்டுவிட்டு, வாஷர் வாங்காமலே வீட்டுக்கு வந்தார்.

"என்னை எப்போ கொன்ன?"

"நான் எங்கங்க கொன்னேன்? ஆறாம் பதிப்புல யாரோ கொன்னிருக்காங்க."

"அப்போ உயிர் குடு."

"என் பதிப்பைத்தான் நான் தொட முடியும். மத்தவங்களுக்குத் திருத்தம் எழுதி அனுப்பலாம். ஏத்துக்கிறது அவங்க இஷ்டம்."

விடுவாரா? களஞ்சியத்தில் தன் பெயரைப் பதிந்துகொண்டு பதினேழு பேருக்கும் எழுதினார்: "அந்தக் கணவர் நான்தான். உயிரோடு இருக்கிறேன். திருத்தவும்." ஒருவர் ஆதாரம் கேட்டார். கழுத்தில் அளவு நாடாவும் கையில் அன்றைய செய்தித்தாளுமாகப் படம் எடுத்து அனுப்பினார். இன்னொருவர், "வருந்துகிறோம் ஐயா. நீங்கள் இறந்தால்தான் மாணவர்கள் கவனிக்கிறார்கள்" என்று பதில் போட்டார்.

வாதாடுவதற்காக மூன்றாம் பாடத்தை முதல் தடவையாக முழுசாகப் படித்தார். அளவெடுக்காமல் துணியில் கத்தரி வைக்காத ஆள். இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டார்.

"தண்ணி நிரப்பலைன்னு யாரு சொன்னா? ரெண்டு வாளி ஊத்தினேனே!"

"ஊத்தியிருந்தா எதுக்குங்க கருகுது?"

"அதைத்தான் நானும் கேக்கிறேன். ஊத்தின தண்ணி எங்க போச்சு?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. கருகிய மோட்டாரோடு குழாயையும் அப்போதே மாற்றியிருந்தார்கள். பழைய குழாய் மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. துருப்பிடித்ததை வெட்டித் திறக்க மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார்கள்.

கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடிநுனியில் ஒரு வால்வு இருக்கும். மேலே ஊற்றிய தண்ணீர் கீழே ஒழுகாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. திறந்து பார்த்தேன். உள்ளே இருக்க வேண்டிய ரப்பர் வட்டையே காணோம். எத்தனை வாளி ஊற்றினாலும் கிணற்றுக்குத்தான் போயிருக்கும்.

"இதை மாட்டினது யாரு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஊருக்குப் போற அவசரத்துல..." என்று டீச்சர் இழுத்தார்.

தையல்காரர் முகத்தில் வந்த வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோத்திருக்கலாம்.

டீச்சர் நேர்மையானவர். அன்றே பாடத்தைத் திருத்தினார். தண்ணீர் நிரப்பும் முன் வால்வைச் சோதிக்க வேண்டும் என்ற படியே அதுவரை பாடத்தில் இல்லை. அதைச் சேர்த்து, "தவறு கணவருடையது அல்ல, என்னுடையது. கணவர் நலமாக இருக்கிறார்" என்றும் குறிப்பு எழுதிப் பதினேழு பேருக்கும் அனுப்பினார். பாடத்தில் நிஜமாகவே ஓட்டை இருந்ததால் இந்தத் தடவை ஒருவரும் ஆதாரம் கேட்கவில்லை. இரண்டே நாளில் அத்தனை பதிப்பிலும் மனுஷன் எழுந்து உட்கார்ந்தார்.

"இத்தனை வருஷம் ஒரு வார்த்தை கேக்காம அவர் மேல பழி போட்டுட்டேனே" என்று டீச்சர் என்னிடம் வருத்தப்பட்டார். பரிகாரமாக, அடுத்த வாரம் அவரையே வகுப்புக்கு அழைத்தார். பத்து நிமிடம் நடந்ததைச் சொல்லுங்கள் என்றுதான் ஏற்பாடு. மனுஷன் புதுச் சட்டை போட்டு வந்து, வாளியின் உயரம், அகலம், ஊற்றிய கோணம் எல்லாம் நாடா பிடித்துக் காட்டி ஐம்பது நிமிடம் பேசினார். சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த என் மாணவர்களும் வெல்டிங்கை நிறுத்திவிட்டார்கள். டீச்சர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல், குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.