பெதேலியின் மூன்று கைதட்டல்

இது நடந்தது. நம்ப மாட்டேன் என்பவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. பேய் என்றால் நள்ளிரவு, சுடுகாடு, சலங்கைச் சத்தம் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு அது வெளிச்சத்தில் வந்தது. சரியாக மாலை 3.32 மணிக்கு. முப்பது பேர் ரக்பி ஆடிக்கொண்டிருந்த மைதானத்தின் ஓரத்தில்.

என் பெயர் கமேலி. ஃபிஜி ராணுவத்தில் வயர்லெஸ்காரனாக இருந்தேன். 1983 ஜனவரியில் எங்கள் பிரிவு தெற்கு லெபனான் மலைகளில் ஐ.நா. அமைதிப் படையாக நின்றது. பெதேலி என் அத்தை மகன். எனக்கு மச்சான். அவன் செத்ததற்கு நான் காரணமா, இல்லையா? அதுதான் கதை. இத்தனை வருடம் கழித்தும் எனக்குப் பதில் தெரியாது.

எங்கள் தீவில் அண்ணன் தம்பியிடம் அளந்துதான் பேச வேண்டும். மச்சானிடம் அப்படியில்லை. வாயில் வந்ததைச் சொல்லலாம், ஏமாற்றலாம், அவன் சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். கோபித்துக்கொள்ளத்தான் கூடாது. ஒருவன் செய்தால் மற்றவன் திருப்பிச் செய்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் மானம் போய்விடும்.

ரக்பியும் எங்களுக்கு அப்படித்தான், இல்லாமல் முடியாது. எங்கள் படை எந்த நாட்டுக்குப் போனாலும் பந்து கூடவே போகும். என் அப்பாவும் பெதேலியின் அப்பாவும் மலாயாவுக்குச் சண்டைக்குப் போனபோது, ரப்பர் தோட்டத்து ஓரமாக வெட்டித் திருத்திய இடத்தில் ஒரே அணியில் ஆடியவர்கள். லெபனானில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு பழைய புகையிலைக் கொல்லை. ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு பிரிவும் முதல் வேலையாக அதில் கல் பொறுக்கும். ஒரு மழை பெய்தால் மறுபடி கல் தலைநீட்டும். பக்கத்துக்கு இரண்டு தண்ணீர்க் குழாய்களை நட்டு கோல் கம்பம் ஆக்கியிருந்தோம். ஊர் திரும்பும் பிரிவு, புதிதாக வந்தவர்கள் கையில் பந்தைக் கொடுத்துவிட்டுத்தான் லாரியில் ஏறும்.

அந்தச் சனிக்கிழமை ஐரிஷ் படையோடு ஆட்டம். எங்கள் வலது விங், அதாவது வலது ஓரத்தில் பந்தோடு ஓடுகிறவன், பெதேலிதான். அவன் கைக்குப் பந்து போனால் பிடிக்க ஆள் கிடையாது. ஆனால் அன்று அவன் ஆடவில்லை. காரணம் அவன் வாய்.

செவ்வாய்க்கிழமை அவன் மலைக் காவலில் இருந்தான். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டான்.

"மச்சான்... கால் போச்சு. எலும்பு வெளிய தெரியுது. ஓடி வா."

கொட்டுகிற மழையில் நாற்பது நிமிடம் ஏறினேன். பயல் பாறைக்கடியில் கால்மேல் கால் போட்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

"தனியா திங்க மனசு வரல மச்சான். இந்தா, ஒண்ணு எடுத்துக்க."

விஷயம் சார்ஜண்ட் ருசியாதேயின் காதுக்குப் போனது. சனிக்கிழமையும் பெதேலியே மலைக் காவல் என்று சொல்லிவிட்டார். ஆட்ட நாள் என்பதால் ஒற்றை ஆள். "மேல இருந்து பாத்தா மைதானம் நல்லாத் தெரியும். உக்காந்து ரசி," என்றார். பெதேலி அழாத குறை. ஆனாலும் என்னிடம் வந்து, "ஆட்டம் முடியற வரைக்கும் வயர்லெஸ்ல பேசிட்டே இருப்பேன். உன் காது புண்ணாகணும்," என்றான்.

திருப்பிச் செய்யவேண்டிய முறை என்னுடையது.

சனிக்கிழமை காலை 6.10. அவன் பையை நான்தான் கட்டினேன். வயர்லெஸ் பெட்டிக்குள் ஒரு பேட்டரி இருக்கும். மாற்றுக்கு இன்னொன்று பையில் போகும். அந்த மாற்று பேட்டரியை எடுத்துக்கொண்டேன். அது இருந்த இடத்தில் இரண்டு மீன் டின்களைச் செய்தித்தாளில் சுற்றி வைத்தேன். குளிரில் முதல் பேட்டரி மதியத்துக்கு மேல் தாங்காது. பிறகு ஆட்டம் முழுவதும் அவன் ஊமையாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். வாய் ஓயாதவனுக்கு அதைவிடத் தண்டனை உண்டா? எடுத்த பேட்டரியைச் சோதித்தும் பார்த்தேன். முள் கடைசிக் கோடு வரை போய் நின்றது. முழு சார்ஜ். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மலைமேல் தனியாக இருப்பவனின் வாயை அடைக்கிறோமே, ஆபத்து வந்தால் எப்படிக் கூப்பிடுவான்... அந்த எண்ணமே எனக்கு வரவில்லை. இருபத்திரண்டு வயது. சிரிப்புதான் வந்தது.

மணிக்கொரு முறை நான் மலைக் காவலைக் கூப்பிட்டு, பதிலை நோட்டில் குறிக்க வேண்டும். ஒரு மணிக்குப் பேசினான். பேசி முடித்ததும் வழக்கம்போல் மூன்று கைதட்டல். எங்கள் ஊரில் யங்கோனா வேரைக் கரைத்துக் குடிப்போம். கிண்ணம் காலியானதும் கைகளைக் குழித்து மூன்று முறை தட்டுவோம். பெதேலி பேச்சை முடிக்கும்போதெல்லாம் அப்படித் தட்டுவான். டொப்... டொப்... டொப்.

இரண்டு மணிக்குக் கூப்பிட்டேன். பதில் இல்லை.

எனக்கு ஒரே சிரிப்பு. மீன் டின்னைப் பார்த்துவிட்டான்! நோட்டில் 'சரி' என்று எழுதினேன்.

மூன்று மணி. பதில் இல்லை. மறுபடி 'சரி'.

3.15க்கு வயர்லெஸ்ஸைத் தூக்கிக்கொண்டு மைதானத்து ஓரம் போனேன். என் பேட்டரி இறங்கியிருந்தது. பெதேலியிடமிருந்து எடுத்ததையே போட்டுக்கொண்டேன். 3.30க்கு விசில் ஊதினார்கள்.

3.32.

"மச்சான். வலது பக்கம் என் எடத்துல நிக்கிறது ஆளா, மாடா?"

பெதேலியின் குரல். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. முதல் பேட்டரி இன்னும் உயிரோடு இருக்கிறது போல. வேண்டுமென்றே பேசாமல் இருந்து என்னையே ஏமாற்றியிருக்கிறான்.

"ரெண்டு மணிக்கு ஏன்டா பேசல?"

"பேச முடியல மச்சான்."

அதற்குமேல் கேட்டுக்கொள்ளவில்லை. அவன் ஆட்டத்தைப் பற்றி ஆரம்பித்துவிட்டான். யார் ஓடினார்கள், யார் விழுந்தார்கள், எந்த ஐரிஷ்காரனின் காது பெரிது... சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. சார்ஜண்ட் வந்து ரிசீவரைப் பிடுங்கினார்.

"பெதேலி! இது ரேடியோ நாடகம் இல்ல. வாயை மூடு."

"சரி, சார்ஜண்ட்."

டொப்... டொப்... டொப்.

சார்ஜண்டும் கேட்டார். அவர் கேட்டதை நான் பார்த்தேன். உதட்டோரம் சிரித்துக்கொண்டே ரிசீவரை என் கையில் திணித்தார்.

4.05. மூடுபனி இறங்கியது. முதலில் மலை மறைந்தது. பிறகு எதிர்ப்பக்கத்துக் கோல் கம்பம் மறைந்தது. வீரர்கள் பனிக்குள்ளிருந்து வந்தார்கள், பனிக்குள் போனார்கள்.

"நம்ம எட்டாம் நம்பர் பந்தைக் கீழ போடுவான் பாரு."

பார்த்தேன். பந்து அவன் கையில் பத்திரமாக இருந்தது. ஒன்று... இரண்டு... நழுவியது.

"இந்தப் பனியில உனக்கு எப்படிடா தெரியுது?"

"பக்கத்துலதான மச்சான் நிக்கிறேன்."

சட்டென்று திரும்பினேன். யாரும் இல்லை. ஈரப் புல்தான். தமாஷ் பண்ணுகிறான் என்று நினைத்தேன்.

ஆனால் அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அந்த மலைமேல் காற்று ஓயவே ஓயாது. யார் பேசினாலும் பின்னால் ஊளையிடும். இன்று இல்லை. வயர்லெஸ்ஸில் எப்போதும் கேட்கும் இரைச்சலும் இல்லை. அவன் குரல் மட்டும் தனியாக வந்தது.

4.31.

"குளிருது மச்சான்."

"கம்பளியப் போத்து."

"மேல வா."

"செவ்வாய்க்கிழமை ஏறினது போதும்டா."

"நிஜமாத்தான் சொல்றேன்."

"ஆட்டம் முடியட்டும். போடா."

ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஆட்டத்தைப் பார்த்தேன்.

"சரி மச்சான். ஆட்டம் முடியட்டும்."

பெதேலி எதையும் அவ்வளவு லேசில் விடமாட்டான். மனதில் என்னவோ குத்தியது. எழுந்துகூட நின்றேன். மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

4.47. நாங்கள் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம்.

"இப்ப வலது பக்கம் குடுக்கச் சொல்லு," என்றான்.

நான் சொல்வதற்குள் பந்து வலது பக்கம் போனது. பனிக்குள் மறைந்தது. அடுத்த நொடி எங்கள் ஆட்கள் கத்தினார்கள். ட்ரை! கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றியாயிற்று, நான்கு புள்ளி. ஜெயித்துவிட்டோம். எல்லோரும் குதித்தோம்.

அவன் மட்டும் கத்தவில்லை.

"மச்சான்... வரும்போது கத்தி கொண்டு வா."

"எதுக்கு?"

"மீன் டின் திறக்க."

விழுந்து விழுந்து சிரித்தேன்.

பிறகு சிரிப்பு நின்றது.

டின்னைப் பார்த்துவிட்டான். அப்படியென்றால் முதல் பேட்டரி செத்துவிட்டது...

மாற்று பேட்டரி என் பெட்டிக்குள் இருக்கிறது...

இவன் எதை வைத்துப் பேசுகிறான்?

"பெதேலி..."

"நீதான் வரணும்."

டொப்.

டொப்...

டொப்.

மணி 4.51.

ஓடினேன். சார்ஜண்டும் டார்ச்சோடு பின்னால் வந்தார். பாதி மலையில், ஆட்டிடையர்கள் இறங்கும் குறுக்குப் பாதையில், ஒரு கற்சுவரின் அடியில் கிடந்தான். ஏறிக் கடக்கும்போது சுவர் சரிந்து, அதோடு விழுந்து தலையில் அடிபட்டிருக்கிறான். தொட்டேன். விறைத்துப் போயிருந்தான். சட்டைக்குள் இரண்டு மீன் டின்களும் இருந்தன, திறக்காமல். அவன் கேட்ட கத்தியை நான் கொண்டு போகவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் சோறு இறங்காது.

மேலே காவல் நோட்டில் அவன் கையெழுத்து. '1.20. பேட்டரி செத்தது. மாற்று பேட்டரி: மீன். மச்சான் ஜெயித்துவிட்டான்.' அதற்குக் கீழே: '1.35. வேறு பேட்டரி எடுக்க இறங்குகிறேன். ஆட்டத்துக்குள் திரும்பிவிடுவேன்.'

இரண்டு மணிவாக்கில் உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். என் நோட்டில் இரண்டு மணிக்கு 'சரி' என்று இருந்தது.

விசாரணை அதிகாரியிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். மீன் டின்னைச் சொன்னபோது எழுதினார். குரலைச் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்தார். சார்ஜண்டைக் கூப்பிட்டுக் கேட்டார். "எனக்கு ஞாபகம் இல்ல சார்," என்றார் சார்ஜண்ட். தரையைப் பார்த்தே சொன்னார். என் பெட்டியையும் பேட்டரியையும் சோதனைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஊருக்கு வந்தேன். எங்கள் வழக்கத்தில் பெரிய தப்பு செய்தவன் திமிங்கிலப் பல்லை இரு கையில் ஏந்தி, தலைகுனிந்து போக வேண்டும். அதை வாங்கிக்கொண்டால் மன்னித்தாயிற்று. அந்தப் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். அந்த ஒன்றுக்காகத்தான் நான் உயிரை வைத்திருந்தேன். அத்தை வீட்டு வாசலிலிருந்தே முழங்காலில் நடந்து போய், பல்லை நீட்டினேன்.

"அத்தை, உங்க பிள்ளைய நான்தான் கொன்னுட்டேன். வாங்கிக்கங்க."

அத்தை வாங்கவில்லை. பாய்க்கடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள்.

"உனக்கு முன்னாடியே இது வந்துருச்சு, கமேலி. படி."

ராணுவத்திலிருந்து வந்த கடிதம். கமேலியின் பெட்டியில் இருந்த மாற்று பேட்டரி சோதிக்கப்பட்டது. உள்ளே முழுதும் காய்ந்து துருப்பிடித்திருக்கிறது. செத்து ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். அது பெதேலியின் பையிலேயே இருந்திருந்தாலும் வேலை செய்திருக்காது. ஆகவே மரணத்துக்குக் கமேலியின் விளையாட்டு காரணமல்ல.

படித்தேன். மறுபடி படித்தேன். முள் கடைசிக் கோடு வரை போனதை என் கண்ணால் பார்த்தேன். அந்தப் பேட்டரியில்தான் அவன் 3.32லிருந்து 4.51 வரை பேசினான்.

"அத்தை, இது பொய். அந்த பேட்டரி நல்லா இருந்துச்சு."

"சர்க்கார் பொய் எழுதுமா?"

"சத்தியமா அத்தை. வாங்கிக்கங்க. உங்க கால்ல விழறேன்."

அவள் அழுதுகொண்டே என் கைகளை மெதுவாகத் தள்ளினாள்.

"தப்பில்லாதவன்கிட்ட நான் எப்படிப்பா பல்லு வாங்குறது? எந்திரி. சாப்பிடு."

என்னைக் காப்பாற்றத்தான் பெதேலி அந்தப் பேட்டரியைச் சாகடித்தானா? இல்லை, மச்சான் முறைக்குத் திருப்பிச் செய்தானா, கடைசிவரை மன்னிப்பே கிடைக்காதபடி? எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். எந்த வயர்லெஸ்ஸிலும் அவன் மறுபடி பேசவில்லை.

அந்தப் பல் இன்னும் என் துணிப்பெட்டியில்தான் இருக்கிறது. அத்தை போன வருடம் இறந்துபோனாள்.