கார்ட் பெட்டி அடுப்பில் பொங்கிய பால்

முதலாளி அதை ஹீட்டர் என்றார். நான் அடுப்பு என்றேன். எனக்குத் தெரிந்த சொல் அதுதான். தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து காய்கிற மெஷினுக்குக் கீழே எரிவதும் எங்களுக்கு அடுப்புதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அந்த அடுப்படியில்தான் என் பாதி வயது போனது. அந்த ஒரு சொல்லால் வந்த வினையை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பதுளை டவுனில் கடை வைத்திருக்கும் முதலாளி, தெமோதரைக்கு மேலே ரயில் பாதை தெரிகிற ஒரு மேட்டில், பழைய கார்ட் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். கூட்ஸ் ரயிலின் கடைசியில் கார்ட் ஏறி வருகிற பெட்டி. பெரிய பகுதியில் கட்டில் போட்டு, ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடப் போகிறார். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் கார்ட் உட்கார்ந்த சின்ன அறை. அது காவலுக்கு இருக்கிற வாட்சருக்கு. அந்த அறைக்காகத்தான் நான் போனேன்.

மழையில் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண் சரிந்துவிட்டது. இனி அங்கே படுக்கக் கூடாது என்றார்கள். எங்கே படுப்பது என்று யாரும் சொல்லவில்லை. மனைவியின் அண்ணன் வீட்டில், அவர்கள் பிள்ளைகளோடு ஒரே காம்பராவில் படுத்தோம். மச்சான் நல்ல மனிதர். ஆனால் அவர் பெண்சாதி எங்களுக்குச் சோறு போடும்போது அகப்பை சட்டியில் படுகிற சத்தம் வரவரக் கூடிக்கொண்டே போனது. என் மனைவி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டாள்.

திறப்பு நாளில் ஹீட்டரை எரிய வைத்துக் காட்டினால் அந்த அறைச் சாவி உனக்கு என்று முதலாளி சொல்லியிருந்தார். வெளிநாட்டில் ரயில் பெட்டிக்குள் அடுப்பு எரிவதை அவர் ஃபோனில் பார்த்திருக்கிறார். மடுல்சீமைப் பக்கம் ஒரு பங்களாவின் பின்கொட்டகையில் அதே மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்துத் தூக்கி வந்துவிட்டார். அதற்குள் கோழி முட்டையிட்டுக் கொண்டிருந்ததாம். வெள்ளைக்காரர்கள் நம் குளிருக்கு ஜன்னலைத் திறந்து போட்டுத் தூங்குவார்கள். கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் நடுங்கும், அவர்களுக்குத்தான் இது என்றார்.

இடுப்பளவு உயரமான கறுப்பு இரும்பு உருளை. முதுகில் ஒரு மண்ணெண்ணெய் டாங்கி. அதிலிருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாக உள்ளே இருக்கிற இரும்புச் சட்டியில் விழும். சட்டியின் சுவர் முழுக்கக் காற்று போகிற சின்னச் சின்ன ஓட்டைகள். அத்தனையும் கரி பிடித்து அடைத்திருந்தன. சைக்கிள் கம்பியைக் கூராக்கி ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தேன். எண்ணெயை அளந்து விடுகிற மிதவை துருவில் ஒட்டிக்கிடந்தது. அதை மண்ணெண்ணெயிலேயே ஊறப்போட்டு, இழுக்காமல், ஆட்டி ஆட்டிக் கழற்றினேன். புகைக்குழாயைத் தகரக் கடையில் புதிதாக அடிக்க வைத்தேன். பெட்டி மலைப் பக்கம் சாய்ந்து நின்றதால் அடுப்பின் ஒரு காலுக்கு இரும்புத் துண்டு கொடுத்தேன். சட்டி மட்டமாக இல்லாவிட்டால் எண்ணெய் ஒரு பக்கம் தேங்கி, தீ ஒரு பக்கம் சீறும்.

பற்ற வைப்பதற்குப் பொறுமை வேண்டும். ஒரு சாசர் அளவு எண்ணெய் விட்டு, எரிகிற காகிதத்தைப் போட்டு, மூடியை மூடிவிட வேண்டும். முதலில் மஞ்சளாக, புகைந்துகொண்டு, வேண்டா வெறுப்பாக எரியும். இரும்பு சூடேறிய பிறகு எண்ணெய் சட்டியில் விழுந்ததும் ஆவியாகி, நீலமாக வளையம் கட்டும். அப்போது சத்தமே இருக்காது. அப்படி எரிந்த அன்று நான் மனைவியைக் கூட்டிவந்து காட்டினேன். அவள் அடுப்பைப் பார்க்கவில்லை. சின்ன அறைக்குள் போய், பாய் எந்தப் பக்கம் விரிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

திறப்பு நாளில் முதலாளியின் அக்கா வந்தார். பெரிய குடும்பத்து அம்மா. அவர் சொன்னால் முதலாளியே எழுந்து நிற்பார். எல்லாம் தயாரா என்று கேட்டார். அடுப்பு தயார் அம்மா என்றேன்.

அவர் பால் சட்டியை எடுத்துக்கொண்டார். புது வீடு என்றால் அடுப்பில் பால் பொங்க வேண்டும். தமிழரும் செய்வார்கள், சிங்களவரும் செய்வார்கள், நானும் செய்திருக்கிறேன். ஆனால் இது சமைக்கிற அடுப்பு இல்லை. மூடியின் விளிம்பு வழியாக எது வழிந்தாலும் நேரே உள்ளே எரிகிற எண்ணெய்ச் சட்டிக்குள்தான் போகும். காய்ந்த எண்ணெயில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று வடை சுட்ட யாருக்கும் தெரியும். முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் ஃபோனில் இருந்தார். அந்த அம்மாவிடம் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. வேண்டுமானால் வெளியே கல் கூட்டித் தருகிறேன் என்றேன். அவர் ஏற்கெனவே சட்டிக்கு மஞ்சள் கட்டிக்கொண்டிருந்தார்.

அடுப்பு மூடியின் மேல் வைத்த சட்டியில் பால் பொங்கி வழிந்தது. எல்லாரும் கைகூப்பினார்கள். அடுத்த மூச்சில் அடுப்புக்குள் டமார் என்று ஒரு சத்தம். மூடி எகிறி விழுந்தது. தீ ஒரு முழம் மேலே வந்து போனது. பெட்டி முழுக்கக் கரி. வெள்ளைச் சேலை கட்டி வந்தவர்கள் எல்லாரும் ஃபேக்டரி அடுப்படியில் வேலை செய்தவர்கள் மாதிரி நின்றார்கள். நான் ஓடிப்போய் எண்ணெயை நிறுத்தினேன். யாருக்கும் காயமில்லை. மூடி இரண்டாக உடைந்திருந்தது.

"பால் பொங்குறதுக்குத் தாங்காத அடுப்ப எவன்டா செஞ்சான்?" என்றார் அக்கா.

"வேணாம்னு சொன்னேங்கம்மா."

"நீ சொன்னது யாருக்குக் கேட்டுச்சு? ஒன் சட்டைப் பொத்தானுக்குத்தான் கேட்டிருக்கும்."

கரி முகத்தோடு எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். பிறகு, எரியாத ஹீட்டருக்கு வாட்சர் எதற்கு, முதலில் இதைச் சரிசெய், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்றார்.

மச்சான் வீட்டுக்கு நடந்து வரும்போது மனைவி எனக்கு முன்னால் போனாள். வாசல் வந்ததும் திரும்பிச் சொன்னாள். "இரும்பெல்லாம் பத்த வச்சீங்க. ஒங்க வாய எப்பங்க பத்த வைக்கப் போறீங்க?"

அவள் சிரிக்கவில்லை. அன்று அவள் சாப்பிடவும் இல்லை. அகப்பைச் சத்தம் கேட்கப் பிடிக்காமல்தான் என்று எனக்குத் தெரியும். கரி முகத்தோடு அவர்கள் சிரித்த சிரிப்பு எனக்குள் போய், எண்ணெய் தேங்குகிற மாதிரி தேங்கிக் கிடந்தது.

உடைந்த மூடியைப் பதுளையில் ஒட்டவைத்து வாங்கிக்கொண்டு, நேரே முதலாளி கடைக்குப் போனேன். கவுண்டரில் ஆட்கள் நின்றார்கள். மூடியைக் கொடுக்காமல் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். பொருத்திவிட்டாயா என்று கேட்டார்.

"சாவி குடுங்க மொதலாளி. பொறகு பொருத்துறேன்."

கடையில் இருந்த ஆட்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக வந்துவிட்டது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்த கிழமை ஆட்கள் வந்து தங்குவதற்குச் சொல்லியிருந்தார்கள், வேறு யாருக்கும் அந்த அடுப்பைப் பற்ற வைக்கத் தெரியாது. "ஒனக்கு வாயெல்லாம் இருக்காப்பா" என்று சொல்லி மேசை லாச்சியைத் திறந்தார். இன்னொன்றும் சொன்னேன். அந்த அம்மா மறுபடி பால் காய்ச்ச வந்தால் வெளியே கல்லில்தான் என்றேன். அவர் சாவியை என் கையில் கொடுக்காமல் கவுண்டரில் வைத்தார். எடுத்துக்கொண்டேன்.

இப்போது நாங்கள் அந்தச் சின்ன அறையில் இருக்கிறோம். பொழுது சாய்கிற நேரத்தில் அந்தப் பக்கம் போய் அடுப்பைப் பற்ற வைக்கிறேன். வந்தவர்கள் கையை நீட்டிக் குளிர்காய்கிறார்கள், அடுப்போடு நின்று படம் எடுக்கிறார்கள். அக்கா வீட்டுப் பால் பொங்கிய அடுப்பு என்று முதலாளி அவர்களுக்குப் பெருமையாகச் சொல்கிறார். மூடியில் ஒட்டுப்போட்ட கோட்டைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் அந்தச் சூடு வருவதில்லை. நாங்கள் இருமுவது அந்தப் பக்கம் கேட்கக் கூடாது என்று முதலாளி இடுக்கெல்லாம் அடைக்கச் சொல்லியிருந்தார். மனைவி இரண்டு சேலையைச் சுற்றிக்கொண்டு படுத்தாள். முதலாளியிடம் கேட்டுப் பாருங்களேன் என்றாள். நான் கேட்கவில்லை. பெட்டியில் ஆள் இல்லாத ஒரு பகலில் ஸ்குரூ டிரைவரை எடுத்து, நடுச்சுவரில் கூரையை ஒட்டியிருந்த மேல் பலகை ஒன்றைக் கழற்றி அந்தப் பக்கத்துக் கட்டிலுக்குக் கீழே போட்டேன். சூடு மேலேதான் ஏறும், அங்கிருந்து இந்தப் பக்கம் இறங்கட்டும். இருமல் கேட்டால் கேட்கட்டும்.