தண்ணி, காபி, ஜூஸ்

சாம்பிராணிப் புகையும், வெயிலில் நடந்து வந்த செருப்புகளின் சூடான வாடையும் கலந்த ஒரு வாசனை... காந்தி ரோட்டில் நான் வேலை பார்த்த பட்டுக்கடை என்றால் எனக்கு அதுதான். உள்ளே புதுப்பட்டு மணக்கும் என்பார்கள். எனக்குக் கிடைத்தது வாசல்.

டிகிரி முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை அது. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவர்கள் குனிந்து நிமிர்வதற்குள் நான் வணக்கம் சொல்லி, ஆள் யார் என்று முடிவு செய்து, இன்டர்காமில் சொல்லிவிட வேண்டும்.

ரப்பர் செருப்பு என்றால் தரைத்தளம்... பாயில் உட்கார வைத்து ஒரு டம்ளர் தண்ணி. தோல் செருப்பு, பஸ்ஸில் வந்த களைப்பு என்றால் முதல் மாடி, காபி. டிரைவர் கார் கதவைத் திறந்துவிட்டால் இரண்டாவது மாடி, ஏசி, ஜூஸ்.

நேற்று நம் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஒரு க்விஸ் போட்டிருந்தீர்கள். நாம் லோயர் மிடிலா, அப்பர் மிடிலா என்று கண்டுபிடிக்க இருபது கேள்வி. எதற்கு இருபது? எங்கள் மேனேஜருக்கு ஒரு பார்வை போதும்.

ஆரம்பத்தில் ஒருமுறை ஏமாந்தேன். தேய்ந்த ரப்பர் செருப்பும் கசங்கிய சட்டையுமாக வந்த ஒருவரைக் கீழே உட்கார வைத்துவிட்டேன். தெருமுனையில் அவர் கார் நின்றிருந்தது. மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"செருப்ப மட்டும் பாத்தா எப்படிமா? கழட்டும்போது குதிகாலப் பாரு. பணக்காரன் பிஞ்ச செருப்பு போட்டுக்கினு வந்தாலும் குதிகால் வெடிச்சிருக்காது."

அதற்குப் பிறகு நான் தப்பே செய்யவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். மறக்கவில்லை, சொல்லத் தயங்கினேன். எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில், தறிக்காரர் வீடு. அம்மாவும் அப்பாவும் ஒரே தறியில் மாறி மாறி உட்காருவார்கள். ஆனால் கடையில் எல்லோரிடமும் அப்பாவுக்கு கவர்ன்மென்ட் வேலை என்று சொல்லி வைத்திருந்தேன். நெய்கிறவர்கள் அந்தக் கடைக்கு வந்தால் பின்வாசல் வழியாகத்தான் வருவார்கள்.

அம்மா நெய்த சேலை ஒன்று எங்கள் கடைக்கே வந்து சேர்ந்தது. அரக்கு உடல், இலைப்பச்சை பார்டர். இரண்டாவது மாடியில் பொம்மைக்குக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். வீட்டில் போய்ச் சொன்னேன். அம்மா கையில் இருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டாள்.

"நெஜமாவா? நான் ஒரு தடவ வந்து பாக்கலாமாடி? உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?"

"வாம்மா. நானே மேல கூட்டிக்கினு போறேன்."

வந்தாள். கூட்டமில்லாத ஒரு மத்தியானம், கல்யாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு. முன்வாசல் வழியாக. மேனேஜர் என் பக்கத்தில் நின்று யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

அம்மா ரப்பர் செருப்பைக் கழற்றினாள். நாள் முழுக்கத் தறிக்குழிக்குள் மிதிக்கட்டையை மிதிக்கிற கால். அந்தக் குதிகாலை நான் பார்த்தேன். என் அம்மாவின் காலை, அந்தப் பார்வையால்...

அவள் சிரித்துக்கொண்டே வாயைத் திறப்பதற்குள் நான் கையைக் கூப்பிவிட்டேன்.

"வணக்கம், வாங்கம்மா."

இன்டர்காமை எடுத்தேன். "கீழ ஒண்ணு. தண்ணி."

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. மேனேஜர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானாகத்தான் செய்தேன்.

அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. மேனேஜரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். பாயில் போய் உட்கார்ந்து இரண்டு மூன்று காட்டன் சேலைகளைப் புரட்டினாள். கொடுத்த தண்ணியைக் குடித்தாள். மாடிப்படியை ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டு என்னிடம் சொன்னாள். "வரேங்க."

பிறந்ததிலிருந்து என்னை 'டி' போட்டே கூப்பிட்ட அம்மா.

ராத்திரி சாப்பாடு போடும்போது, "நாள்பூரா நிக்கிறியே, கால் வலிக்குதாடி?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த வாரமே அந்தச் சேலை விற்றுப் போனது. ஒரு ஜூஸ் வீட்டுக்கு.

இப்போது நான் சென்னையில், ஓஎம்ஆரில் ஃபிளாட், லோனில் கார். போன மாதம் அம்மாவை அதே கடைக்குக் கூட்டிப் போனேன். வாசலில் ஒரு பெண், காதில் மைக். நானே கார் ஓட்டி வந்ததைப் பார்த்தாள். நான் வாங்கித் தந்த புதுச் செருப்பை அம்மா கழற்றியதும் அவள் குதிகாலையும் பார்த்தாள். மைக்கில் மெதுவாகச் சொன்னாள்.

"ஃபர்ஸ்ட் ஃப்ளோர். ரெண்டு காபி."

சரியாகத்தான் பார்த்திருந்தாள். இத்தனை வருடப் படிப்பு, வேலை, லோன் எல்லாம் சேர்ந்து என்னைத் தண்ணியிலிருந்து காபிக்குக் கொண்டுவந்திருக்கின்றன.

"நாங்க செகண்ட் ஃப்ளோர் போகணும்," என்றேன். "இவங்க எங்கம்மா."

யாரும் கேட்காமலே சொன்னேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியது. அந்தப் பெண் ஒன்றும் புரியாமல், "சரிங்க மேடம்," என்றாள்.

மேலே பொம்மைகள் வரிசையாக நின்றன. அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். சேல்ஸ்மேன் எனக்கு ஒரு ஜூஸைக் கொடுத்துவிட்டு, அவளிடம் ஒன்றை நீட்டினார்.

"வேணாங்க," என்றாள் அம்மா. "இங்க எனக்கு தண்ணிதான்."

அவர் ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அம்மாவும் கூடச் சிரித்தாள். நான் என் ஜூஸை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.