சொதப்பல் நேரம்

அந்த ஆராய்ச்சி வளாகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தரகரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். விஞ்ஞானிக்கும் விஞ்ஞானிக்கும் முடிச்சுப் போடுவதுதானே வேலை, கல்யாணத் தரகருக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு தேநீர் வேளையில் யாரோ கேட்டார்கள். "ஏன் இல்ல? அவங்களுக்குக் கமிஷன் உண்டு, எனக்கு அதுவும் கிடையாது" என்று அக்காவே சொல்லிச் சிரிக்க, பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆறு, ஏரி, கிணறு என்று தண்ணீரை ஆராய்கிற ஆய்வகங்கள் அந்த வட்டாரத்தில் பத்துப் பன்னிரண்டு இருந்தன. ஒன்று பல்கலைக்கழகத்தில், ஒன்று மருத்துவக் கல்லூரியில், ஒன்று குடிநீர் அலுவலகத்தின் பின்கட்டில். ஒரே ஆற்றில், ஒரே வாரத்தில், மூன்று குழுக்கள் தனித்தனியாகப் பாட்டிலை முக்கி எடுத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் கண்டும் காணாமலும் போன காலம் உண்டு. அவர்களை ஒரு கூட்டமைப்பாகக் கட்டுவதும், கட்டியது அவிழ்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் அக்காவின் உத்தியோகம். சம்பளம் ஓர் அறக்கட்டளை கொடுத்தது.

அக்காவும் ஒரு காலத்தில் வெள்ளைக் கோட்டு போட்டவர்தான். கொத்தனார் வீட்டுப் பெண். அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அத்தோடு நில்லாமல் முனைவர் பட்டமும் வாங்கியவர். குளத்துப் பாசியை நுண்ணோக்கியில் வைத்து வருடக்கணக்காக எண்ணினார். எண்ணி முடித்த பிறகுதான், சுவருக்கு அந்தப் பக்கத்து ஆய்வகத்தில் ஒருவர் அதே பாசியை எண்ணி, அது எதற்கும் உதவாது என்று கண்டு, வெட்கத்தில் வாயைத் திறக்காமல் இருந்தது தெரியவந்தது. "ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் வயசு மிச்சமாயிருக்கும்" என்று அக்கா புலம்பினார். புலம்பி ஓய்ந்ததும், அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வைப்பதையே தொழிலாக எடுத்துக்கொண்டார்.

அக்காவின் அம்மாவுக்கு அது பிடிபடவே இல்லை. "டாக்டர் பட்டம் வாங்கிட்டு நாற்காலி போடற வேலைக்குப் போயிருக்கா" என்று சொந்தக்காரர்களிடம் குறைபட்டார். அக்காவின் கணவர், பள்ளி ஆசிரியர், இன்னும் சுருக்கமாகச் சொல்லுவார். "சண்டைக்காரங்களுக்கு பிஸ்கட் குடுக்கற வேலைங்க."

அதில் பாதி உண்மை. மின்னஞ்சலுக்குப் பதிலே போடாத ஒரு பேராசிரியர், சாயங்கால நடையில் மாட்டினால் மனம்விட்டுப் பேசுவார் என்று அக்காவுக்குத் தெரியும். யார் பக்கத்தில் யாரை உட்கார வைத்தால் கூட்டம் குட்டிச்சுவராகும் என்பதும் தெரியும். ஒரு கட்டுரையில் பெயர் விட்டுப்போனதற்காகப் பேச்சை முறித்துக்கொண்ட இருவரை, பழுதான ஒரு கருவியைக் காரணம் காட்டி ஒரே காரில் ஏற்றி அனுப்பியதும் அக்காதான். இறங்கும்போது இருவரும் சேர்ந்து கருவி விற்றவனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

இத்தனையிலும் அக்காவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது சொதப்பல் நேரம்தான். மாதக் கூட்டத்தின் கடைசிப் பகுதி அது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, யாராவது ஒருவர் தன் சோதனை எப்படிச் சொதப்பியது என்று சொல்ல வேண்டும். அக்கா இரண்டே சட்டம் வைத்திருந்தார். இங்கே பேசுவது இந்த அறையைத் தாண்டக் கூடாது. இந்த அறையில் பெரியவர் சின்னவர் கிடையாது.

முதல் ஆளாகச் சொன்னவர் பெரிய சார். கூட்டமைப்பிலேயே மிகப் பெரிய ஆய்வகத்துக்குத் தலைவர். இளவயதில் ஆற்றில் புதுவகை நச்சு கண்டுபிடித்ததாக ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டு, கடைசியில் அது தன் ஆய்வகத்துக் குழாயிலிருந்தே கசிந்தது என்று தெரிந்த கதையைச் சொன்னார். அறை குலுங்கியது. அன்றிலிருந்து அவர் மதிப்பு இன்னும் ஒரு முழம் கூடியது.

அவர் ஆய்வகத்தில் ஒரு இளம் பெண் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தாள். லாரி ஓட்டுநரின் மகள். அந்த வீட்டிலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் அவளுடையதுதான். கூட்டத்துக்குக் கூட்டம் வருவாள், ஓரமாக உட்காருவாள், போவாள். வாயில்லாப்பூச்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். அக்காவுக்கு அவளைப் பார்க்கும்போதெல்லாம் பழைய தன்னையே பார்ப்பது போல இருக்கும்.

ஒருநாள் குளிர்பதன அறை வாசலில் அவளைப் பிடித்தார்.

"இந்த மாசம் நீ பேசேன்."

"நானா? என்கிட்ட என்னக்கா இருக்கு?"

"சொதப்பாத ஆளா நீ? அப்ப உனக்குக் கோயில்தான் கட்டணும்."

அவள் சிரித்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "ஒண்ணு இருக்கு. ஆனா சார் இருப்பாரே."

"அவரே சொன்னாரே, குழாய்க் கதை. அந்த ரூம்ல சாரும் கிடையாது மோரும் கிடையாது. நான் இருக்கேன்ல, பேசு."

அவள் பேசினாள். மாதிரிகள் வைத்திருந்த குளிர்பெட்டியின் கதவு ரப்பர் தளர்ந்து, விடுமுறை நாட்களில் உள்ளே சூடேறிவிட்டதாம். வந்து பார்த்தபோது பாட்டில்கள் வியர்த்திருந்தன. "பயத்துல யார்கிட்டயும் சொல்லல. ஒரு மாசம் அந்தத் தண்ணியையே அளந்துட்டிருந்தேன். நம்பர் எல்லாம் பைத்தியம் பிடிச்ச மாதிரி வருது. எனக்கும் பிடிக்கப் போகுதுன்னு நினைச்சேன்." அறை சிரித்தது. வன்மமில்லாத சிரிப்புதான். குடிநீர் அலுவலகத்து அம்மா, "எங்க கதவும் அப்படித்தான் இளிச்சுக்கிட்டு நிக்குது" என்று அப்போதே எழுந்து போய் பழுது பார்க்கிற ஆளைக் கூப்பிட்டுப் பேசினார். இரண்டு ஆய்வகங்களில் ரப்பர் மாற்றினார்கள். பெண்ணின் முகம் அன்று விளக்கேற்றியது போல இருந்தது. வீடு திரும்பிய அக்கா கணவரிடம் அதையே மூன்று முறை சொன்னார்.

மழை தொடங்கிய சமயத்தில் அவள் அக்காவின் அறை வாசலில் வந்து நின்றாள்.

"எனக்கு காண்ட்ராக்ட் நீட்டிக்கலையாம்."

"ஏனாம்?"

"சார் ஒரே கேள்விதான் கேட்டாரு. 'ஒரு மாசம் மறைச்ச ஆளை நம்பி நான் எப்படி சாம்பிள் குடுக்கறது?'ன்னு."

அக்கா அப்படியே எழுந்தார். குடையைக்கூட எடுக்காமல் பெரிய சாரின் கட்டடத்துக்கு நடந்தார்.

பெரிய சார் மரியாதையான மனிதர். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார், துடைத்துக்கொள்ளக் காகிதத் துவாலை கொடுத்தார்.

"சார், அது அந்த ரூம்ல சொன்னது."

"நான் எங்கயாவது வெளிய சொன்னேனாம்மா? யார்கிட்டயாவது ஒரு வார்த்தை?"

"இல்ல."

"காதுல விழுந்தது விழுந்ததுதானே. மண்டைக்குள்ள போனதை வெளிய எடுத்துப் போட்டுட்டு வான்னா நான் எங்க போறது? ரெண்டு பேர் இருக்காங்க, இடம் ஒண்ணுதான். ஒருத்தரைப் பத்தி எனக்கு இது தெரியும். தெரியாத மாதிரி நடிச்சா அது நேர்மையா?"

அவர் பொய் சொல்லவில்லை, சட்டத்தையும் மீறவில்லை. சட்டத்தை எழுதிய அக்காதான், வேலை கொடுப்பவரும் அதே வட்டத்தில் உட்கார்ந்திருப்பதை நினைக்காமல் எழுதியிருந்தார். பெரியவர்களின் தோல்வி கேட்கச் சுவையான கதை. பின்னால் ஆளில்லாமல் வந்தவர்களின் தோல்வி வாக்குமூலம். கொத்தனார் மகளுக்கு இது தெரியாத விஷயமா? தெரிந்ததைப் பேர் வாங்கிய மயக்கத்தில் மறந்திருந்தார்.

"குழாய் கசிஞ்சதும் நீங்க உடனே சொல்லிட்டீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார்.

பெரிய சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அறக்கட்டளைல இருந்து ஆள் வர்ற நேரம் இது. எங்க லேப் இல்லாம கூட்டமைப்பு எப்படி நிக்கும்னு நீங்களும் யோசிக்கணும். குடை எடுத்துட்டு வரலையா? என்னோடதை எடுத்துட்டுப் போங்க."

அக்கா நனைந்தே திரும்பினார்.

தெரிந்த வித்தையை எல்லாம் இறக்கிப் பார்த்தார். ஓர் ஆய்வகம் இல்லாவிட்டால் இன்னொன்று. எத்தனை பேருக்கு இடம் பார்த்துக் கொடுத்தவர். ஒவ்வொருவராக அழைத்தார். எல்லோரும் அன்பாகவே பேசினார்கள். "யாரு, அந்த ஃப்ரிட்ஜ் பொண்ணா? நல்ல பொண்ணு... ஆனா பாருங்க, எங்ககிட்ட சாம்பிள் ரொம்ப காஸ்ட்லி." இன்னொருவர், "இப்ப முடியாதுக்கா, அடுத்த வருஷம் பார்க்கலாம்." கதவு ரப்பரை ஓடிப்போய் மாற்றிய குடிநீர் அலுவலகத்து அம்மாவே, "எனக்கு ஒண்ணும் இல்ல, மேல இருக்கறவங்க கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார். சொதப்பல் நேரத்தில் எத்தனையோ பேர் பேசியிருந்தார்கள். பெயராக ஒட்டியது அவளுக்கு மட்டும்தான்.

கடைசி நாளில் அவள் ஆய்வகக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். அக்கா பக்கத்தில் போய் நின்றார்.

"என்னை மன்னிச்சிடும்மா."

"பெரியவங்க சின்னவங்க இல்லன்னு நீங்க சொன்னப்பவே அது பொய்னு எனக்குத் தெரியும்கா." அவள் நிமிரவில்லை. "தெரிஞ்சும் பேசினேன். ஏன்னா நீங்க எங்க வீடு மாதிரி வீட்ல இருந்து வந்தவங்க. உங்களுக்குத் தெரியாமலா சொல்லுவீங்கன்னு நினைச்சேன். அப்பாகிட்ட இன்னும் சொல்லல. ஊரெல்லாம் என் பொண்ணு விஞ்ஞானின்னு லாரில ஏத்திட்டுப் போற லோடை விட அதிகமா சொல்லிட்டுத் திரியறாரு."



அறக்கட்டளையிலிருந்து ஒரு அம்மையார் வந்தார். புகழ்பெற்ற சொதப்பல் நேரத்தை நேரில் பார்க்க வேண்டும் என்றார். வழக்கம்போல வட்டம் போட்டார்கள். பெரிய சார் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு இளைஞர் கையைத் தூக்கினார். கைக்கு முன்னால் ஆளே எழுந்துவிட்டார். அவருடைய தலைவரும் இரண்டு நாற்காலி தள்ளித்தான் இருந்தார்.

"ஒரு நிமிஷம்" என்றார் அக்கா. "இன்னிக்குப் பெரியவங்க முதல்ல சொல்லட்டும். பழைய கதை வேண்டாம். இந்த வருஷம் நடந்தது. சார், நீங்க?"

பெரிய சார் புன்னகைத்தார். "இந்த வருஷம் எங்க லேப்ல அப்படி ஒண்ணும் நடக்கலையே."

"வேற யாராவது?"

தலைவர்கள் ஆளுக்கொரு பக்கம் கைப்பேசியைப் பார்த்தார்கள்.

"அப்ப நீங்களும் உட்காருங்க தம்பி. சொல்ல வேண்டாம்."

அறக்கட்டளை அம்மையார் பேனாவை எடுத்தார். "ஏன் நிறுத்திட்டீங்க?"

"இந்த வட்டத்துல வேலை குடுக்கறவங்களும் இருக்காங்க, வேலை போகக்கூடியவங்களும் இருக்காங்க மேடம். ரெண்டு பேருக்கும் ஒரே நாற்காலி போட்டா ரெண்டு பேரும் ஒண்ணாயிடுவாங்கன்னு நான் நினைச்சிட்டேன்."

கூட்டம் சீக்கிரமே கலைந்தது. அந்த இளைஞர் மட்டும் படிக்கட்டில் அக்காவைத் தொடர்ந்து வந்தார்.

"அக்கா, நான் சொல்ல வந்தது... மெஷினைச் சரிபார்க்கற கரைசலை நான் தப்பா கலந்துட்டேன். அதை வச்சு அளந்த நம்பர் எல்லாம் பொது டேட்டால ஏறிடுச்சு. மத்த லேபெல்லாம் எடுத்துப் பயன்படுத்தறாங்க."

அக்கா படியிலேயே நின்றுவிட்டார். இது குளிர்பெட்டிக் கதை இல்லை. வாயை மூடிக்கொள் என்றால் ஆற்றங்கரை ஊர்களின் தண்ணீர்க் கணக்கே தப்பாகும். பேசு என்றால் என்ன ஆகும் என்பதை இப்போதுதான் பார்த்திருந்தார்.

"எந்தெந்த வாரம்னு எனக்குச் சொல்லுங்க. நீங்க யார்கிட்டயும் எதுவும் சொல்லாதீங்க."

மறுநாள் எல்லா ஆய்வகங்களுக்கும் அக்கா எழுதினார்: இன்னின்ன வாரத்து அளவீடுகளைப் பயன்படுத்த வேண்டாம், கரைசல் தவறாகக் கலக்கப்பட்டது, யார் என்று சொல்வதற்கில்லை. தேன்கூட்டில் கல் எறிந்தது போல ஆயிற்று. அளவீடுகளை ஆய்வகப் பெயர் இல்லாமல் பொதுவில் ஏற்றுவது கூட்டமைப்பு அலுவலகம் என்பதால், தகவலிலிருந்து ஆளைப் பிடிக்க முடியவில்லை. எங்கள் ஆய்வகத்தைச் சந்தேகப்படுவார்களே என்று எல்லோரும் குதித்தார்கள். பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்று பெரிய சார் கடிதம் போட்டார். அறக்கட்டளையும் கேட்டது. அக்கா சொல்லவில்லை. பெயரை மறைக்கிற ஒருவரிடம் இனியும் கூட்டமைப்பை விட்டுவைக்க முடியாது என்று அறக்கட்டளை முடிவு செய்தது.

"பேரைச் சொல்லிட்டா என்ன?" என்று கணவர் கேட்டார். "அந்தப் பையன் வந்து உன் வீட்டு அடுப்பையா பத்த வைக்கப் போறான்?"

"ஒருத்தியை அனுப்பினது போதும்" என்றார் அக்கா.

வழியனுப்பு விழாவில் பெரிய சார் நன்றாகப் பேசினார். மனம் திறந்து பேசும் பண்பாட்டை வளர்த்தவர் என்றார். குரல்கூட ஒரு இடத்தில் தழுதழுத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பின்வரிசையில் இருந்த அந்த இளைஞரும் தட்டினார். தட்டி முடித்த பிறகும் குனிந்த தலை நிமிரவில்லை. எழுந்து வந்து சொல்லிவிடுவாரோ என்று அக்காவுக்குள் ஒரு நினைப்பு ஓடியது. வரவில்லை. அக்கா தன்னை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தார். தானும் வந்திருக்க மாட்டோம் என்று தோன்றியது.

வளாக வாசலில் நின்று அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தார். மணி அடித்து ஓய்ந்தது. இன்னொரு முறை அழைத்தார். ஓர் ஆண் குரல் எடுத்தது, பின்னால் லாரி உறுமுகிற சத்தம்.

"யாருங்க? பொண்ணு போனை மறந்து வச்சுட்டு வேலைக்குப் போயிருக்கு. லேப்ல இருக்கும்ங்க. விஞ்ஞானிங்க அது. சாயந்திரமாத்தான் வரும். என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் இல்லைங்க" என்றார் அக்கா. "லேப்லயே பார்த்துக்கறேன்."