ஏழாம் நம்பரோட கடைசிப் பாய்ச்சல்

ஒனுகி தத்சுயா ஆராய்ச்சிக்கூடத்துல சேர்ந்த நாள்லேர்ந்து ஒரே வேலைதான். ஹைட்ரஜனை மின்சாரத்தால வேகமா முடுக்கணும். அப்புறம் அதுல ஏறின மின்சாரத்தக் கழட்டிட்டு, பெரிய மிஷினுக்குள்ள பாய்ச்சணும். கழட்டலேன்னா சுத்தியிருக்கற காந்தம் வாசல்லயே திருப்பி விட்டுடும். உள்ள போய் மோதினாத்தான் அங்க இருக்கற வாயு சூரியன் மாதிரி கொதிக்கும். பாய்ச்சற குழாய்ங்க பல உண்டு, ஏழாம் நம்பர் இவரோடது. வீட்ல அவர் சம்சாரம் கசுவே, "உங்க சின்ன வீடு இன்னைக்கு ஒழுங்கா இருந்தாளா?"ன்னுதான் கேப்பா.

மிஷினைப் பிரிக்க முடிவாயிடுச்சு. கடைசி ஓட்டத்துல ஏழும் பாயணும். வாய்விட்டு அவர் கேட்டது அது ஒண்ணுதான். அன்னைக்குன்னு பாத்து காலையிலேர்ந்து அது உள்ள மின்பொறி தெறிச்சுத் தெறிச்சு அணைஞ்சுது. ஏழை விட்டுட்டு ஓட்டிடலாமான்னு தலைவர் நிஷியோ மெதுவாக் கேட்டார். இவர் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்.

சோதிக்கறப்ப வழியில ஒரு தாமிரக் கட்டையை இறக்கி, அதுமேல பாய்ச்சிப் பாப்பாங்க. கட்டை இறங்கியிருக்கறப்ப நிஜ ஓட்டத்துல குழாய் கிளம்பாம இருக்க ஒரு பூட்டு உண்டு. சோதனை சட்டுனு முடியட்டும்னு, அனுமதி வாங்கி, அதை இவரே தள்ளி வச்சிருந்தார். மின்சாரத்தைக் கொஞ்சங்கொஞ்சமா ஏத்தினதுல மத்தியானம் பொறி நின்னுது. நின்ன நிம்மதியில கட்டையைத் தூக்கல, பூட்டையும் போடல.

ஓட்டம் நடந்துது. ஏழு முழு வேகம் காட்டுச்சு, எல்லாரும் கை தட்டினாங்க. உள்ள மட்டும் சூடு ஏழுக்குண்டான அளவு ஏறல. தாமிரம் கொதிச்சுக் கெடந்துது. நிஷியோ உள்ள சூட்டையும் தாமிரச் சூட்டையும் திரையில பாத்து, அப்படியே குறிப்பேட்டுல எழுதிக்கிட்டார். மறுபடி ஓட்ட அனுமதியும் இல்ல. தெனம் வேலை முடிஞ்சதும் சொல்ற மாதிரியே, ஒவ்வொருத்தரா குனிஞ்சு, "ரொம்ப களைச்சுட்டீங்க"ன்னுட்டுப் போனாங்க. இவரும் குனிஞ்சார். மனசுல எதுவும் ஓடல.

வீட்ல கசுவே மிசோ சூப்பை வச்சிட்டு, "போச்சா உள்ள?"ன்னா.

"இல்ல. தாமிரத்துல போச்சு. தூக்க மறந்துட்டேன்."

"சோறு திங்கறப்பகூட அந்தக் கட்டைப் பேச்சுதான். அதைப் போய் மறந்தீங்களா? கேணப்பய மனுஷா!"

அன்னைக்கு அவரை ஒருத்தர் திட்டினது அப்பத்தான். சூப் ஆறிட்டிருந்துது. கிண்ணத்தக் கையில எடுத்தார்.

"இன்னொரு தடவ திட்டு."

திட்டினா.