எட்வின் தலையைப் பிடித்த கை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் அந்த இடத்தைவிட்டு எழுந்து போகிற ஆள் நான். மனுஷனுக்குள் என்ன இருக்கிறது என்று தினமும் மெஷினில் பார்க்கிறவனுக்கு அதெல்லாம் எப்படி ஒட்டும், சொல்லுங்கள். டோல்கேட் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் சி.டி. டெக்னீஷியன் வேலை. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி ஓடுகிறவரை எங்களுக்குத் தலையடி கேஸுக்குப் பஞ்சமே கிடையாது.

இது நடந்தது பட்டப்பகலில், சாப்பாட்டு நேரத்தில். பைக்கில் போன எட்வின் என்பவரை லாரி உரசித் தள்ளிவிட்டது. பக்கத்து நர்சிங் ஹோமில் தையல் போட்டு ஆட்டோவில் எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். அதுவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஆள், எங்கள் வாசலில் இறங்கும்போது உளற ஆரம்பித்து, ஸ்கேன் மேஜையில் படுக்கவைத்ததும் தலையை இப்படியும் அப்படியும் அடித்துக்கொண்டார். கட்டிய பெல்ட்டையும் பிய்த்துவிட்டார். தலை ஆடினால் படம் கலங்கிவிடும், உள்ளே ரத்தம் கசிகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. உளறல் வேறு கூடிக்கொண்டே போனது, எனக்குக் கைகால் ஓடவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் கூட வந்தவருக்கு ஈய ஏப்ரன் மாட்டிவிட்டு, தலையைப் பிடித்துக்கொள்ளச் சொல்வோம். கதிர் உடம்பில் படாமல் இருக்கத்தான் அந்த ஏப்ரன். ஆனால் எட்வினோடு வந்தது அவர் மனைவி ஜெனிபர் மட்டும், அதுவும் நிறைமாதம். ஆட்டோக்காரர் ரத்தத்தைப் பார்த்து மயக்கம் வந்து வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். சிஸ்டர் முந்தைய நோயாளியோடு ஆம்புலன்ஸில் போயிருந்தார். நான் பிடித்தால் மெஷினை யார் ஓட்டுவது?

"அண்ணா, நான் வந்து புட்ச்சிக்கிறேண்ணா" என்றாள்.

"கூடாதும்மா, வயித்துல புள்ள கீது."

"அவுரே இல்லாட்டி நான் இந்தப் புள்ளய வச்சிகினு இன்னா பண்ணுவேன்?"

அவளை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினேன். வருவது வரட்டும் என்று கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், மெஷினை ஓட்டும் கன்சோலில் உட்கார்ந்தேன்.

முதலில் தலை எங்கே இருக்கிறது என்று குறிக்க எக்ஸ்ரே மாதிரி ஒரு படம் எடுப்போம். அது திரையில் வந்தது. நம்பினால் நம்புங்கள், மண்டையோட்டின் இரண்டு பக்கமும் இரண்டு கைகள். வெறும் எலும்பு, ஆனால் ஒரு குழந்தையைத் தாங்குவது போல அவ்வளவு பதமாகப் பிடித்திருந்தன. வலது கையில் மோதிர விரல் பாதிதான். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். எட்வினைத் தவிர உள்ளே யாருமில்லை, அவர் ஆடாமல் அசையாமல் படுத்திருந்தார். பயப்பட வேண்டிய நேரம்தான், ஆனால் எனக்குக் கோயிலில் நிற்பது போல இருந்தது. ஸ்கேனை ஓட விட்டேன்.

படங்களை அனுப்பிய கையோடு, அவற்றைப் பார்த்து ரிப்போர்ட் சொல்லும் டாக்டர் போனில் வந்தார். "உள்ள யாருப்பா நின்னது? படத்துல கை விழுந்திருக்கே, ஒரு விரல் பாதிதான் இருக்கு. ஏப்ரன் போட்டாரா இல்லையா?" என் பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே சொன்னார்: "பிடிச்சவர் நல்லாப் பிடிச்சிருக்காரு. மண்டையோட்டுக்கு உள்பக்கம் ரத்தம் கட்டியிருக்கு, ஆடியிருந்தா தெரிஞ்சிருக்காது. உடனே ஆபரேஷனுக்கு அனுப்பு."

எட்வின் பிழைத்துவிட்டார். மறு ஸ்கேனுக்குக் கைக்குழந்தையோடு வந்தார்கள். வந்ததும் எட்வின் சுற்றும் முற்றும் தேடினார்.

"அண்ணா, அன்னிக்கி என் தலைய புட்ச்சிகினு ஒருத்தரு, 'ஆடாத நைனா, ஆடாத நைனா'ன்னு சொல்லிகினே இருந்தாரே, அவுரு இல்லியா?"

ஜெனிபர் என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன். விரல் பாதியாக இருக்கிறவர் உங்கள் சொந்தத்தில் யாராவது உண்டா என்று மெல்லக் கேட்டேன். அப்படி யாருமே இல்லையாம்.

இதை நான் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. கொஞ்ச நாள் கழித்து, விம்கோ நகர் சென்டரில் என்னைப் போலவே வேலை பார்க்கும் என் தோஸ்து பாஷா போன் பண்ணினான். "மாமு, ஒரு தலையடி கேஸு படம் அனுப்பிக்கிறேன், பாரு. உள்ள யாரும் இல்ல மாமு, அல்லா சத்தியமா." திறந்து பார்த்தேன். அதே பிடி, அதே பாதி விரல்.

யார் அவர், இந்த ரோட்டில் எத்தனை தலைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், எனக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து மெஷின் பக்கத்தில் ஏப்ரன் ஒன்றைக் கூடுதலாக மாட்டி வைத்திருக்கிறேன். அவர் மேலும் கதிர் படும் இல்லையா? சிரிக்காதீர்கள். போன வாரம் ஒரு விபத்து கேஸை முடித்து அனுப்பிவிட்டு, அந்த ஏப்ரனைத் துடைக்கலாம் என்று எடுத்தேன். அந்த கேஸுக்கு யாரையும் நான் உள்ளே விடவில்லை. ஏப்ரனின் உள்பக்கம், இப்போதுதான் யாரோ கழற்றி மாட்டியது போலக் கதகதவென்று இருந்தது. ஏசி குளிருக்கு நானே ஸ்வெட்டர் போட்டிருந்தேன்.