முகிலாயிக்குக் கோடி போட்டது யார்?

சாகாவரம் பெற்ற ஒருத்தியைச் சாகடிக்க எனக்குக் கிடைத்த அவகாசம் ஒரு வாரம்.

"சார், முகிலாயிய முடிச்சிடலாம்," என்றார் தினேஷ். சென்னையில் இருக்கும் எங்கள் தயாரிப்பாளர். "கேக்கறவங்க குறைஞ்சுக்கிட்டே வராங்க. கடைசியா ஒரு சாவு, ஒரு அடக்கம். கிராண்டா இருக்கணும்."

"அவளுக்குச் சாவே கெடையாதுன்னு மொத எபிசோடுலயே சொல்லிட்டோமே தம்பி."

"அதான் சார் ஹூக்கு, ஆளை இழுக்கற தூண்டில். சாகாதவ சாகுறா. எப்படின்னு நீங்க பாத்துக்கங்க."

செல்போனில் கேட்கிற ஒலித்தொடர்களுக்குக் கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். சின்னமனூரில் வீடு, தேனியில் ரெக்கார்டிங். அதற்கு முன்னால் மைக் கட்டிய ஆட்டோவுக்கு ஆடித் தள்ளுபடி வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். ஆக, இல்லாததை இருக்கிற மாதிரி சொல்வது எனக்குப் பழகிய வேலைதான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள், மாயக்கதையில் சாகாதவர்களை எப்படிச் சாகடிப்பது என்று என்னிடம் கேட்கிறார்கள். அடக்கம் பண்ணுவது எப்படி என்று ஒருவரும் கேட்பதில்லை. நானும் அந்தக் காலத்தில் கேட்கவில்லை.

சாகடிக்கிற வேலை

வரம் எந்த வாசல் வழியாக வந்ததோ, அந்த வாசல் வழியாகவே உயிர் போக வேண்டும். கடைசி வாரத்தில் திடீரென்று ஒரு மந்திர வாளைக் கொண்டுவந்து குத்தக் கூடாது. கேட்கிறவர்கள் ஏமாளிகள் இல்லை, கமெண்டில் வந்து காறித் துப்புவார்கள்.

முகிலாயிக்கு வரம் கொடுத்தது மேகம். மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருக்கிற வரைக்கும் அவளுக்குச் சாவு இல்லை. தொள்ளாயிரம் வருடம் அந்த மலையைக் காத்தாள். கடைசியில் காடு பற்றி எரிகிறது. மலையில் உள்ள மேகத்தையெல்லாம் வாரி எடுத்துத் தீயில் போடுகிறாள். தீ அணைகிறது. மேகமும் இல்லை, அவள் உயிரும் இல்லை.

இதை எழுதியபோது எனக்கே சிலிர்த்தது. அவளுக்குக் குரல் கொடுத்த பெண், ரெக்கார்டிங் முடிந்து ஹெட்போனைக் கழற்றாமல் அழுதுகொண்டிருந்தாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், மறைப்பானேன்.

ஏழு ராஜாக்கள்

அடக்கத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை என்றுதான் நினைத்தேன். அவள் காலத்தில் ஆண்ட ஏழு ராஜாக்களும் ஆவியாக வந்து பாடை தூக்குகிறார்கள். யானைகள் வரிசையாக நின்று பிளிறுகின்றன. சங்கு, சேகண்டி, பறை எல்லாம் உண்டு. தலை தெற்கே இருக்கும்படி குழி வெட்டி, பாறை கொண்டு மூடி, அதன்மேல் ஒரு ஏலச்செடியும் நட்டாகிவிட்டது.

"செம சார்," என்றார் தினேஷ். அவர் அப்படிச் சொல்வது அபூர்வம். அன்று வீட்டுக்குப் போகும்போது அரைக் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு போனேன்.

மேகமலையிலிருந்து ஒரு போன்

எங்கள் தொடருக்கு மேகமலை எஸ்டேட்டுகளில் நல்ல கூட்டம் உண்டு. மேலே சிக்னல் சரியாகக் கிடைக்காது. சின்னமனூருக்கு வரும் ஜீப் டிரைவர் ஒருவர் எபிசோடுகளை இங்கேயே இறக்கிக்கொண்டு மேலே போவார். ஏலக்காய் எடுக்கிற பெண்கள் அவர் போனிலிருந்து வாங்கி, வேலைக்கு நடுவில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பார்கள். அந்த டிரைவர்தான் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்.

"அண்ணே, முகிலாயி கதை எழுதுறது நீங்கதானே? நான் மேகமலையில இருந்து பேசுறேன். ஏலத்தோட்டத்துல வேலை. பேரு ஜெயராணி."

"சொல்லும்மா."

"முகிலாயிய எடுத்துட்டாகளே, கோடி யாருண்ணே போட்டா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவளுக்குத் தொள்ளாயிரம் வயசும்மா. அண்ணன் தம்பியெல்லாம் எந்தக் காலத்துலயோ போய்ச் சேந்துட்டாக. பொறந்த ஊரே காடாப் போச்சு. யாரு வந்து போடுவா?"

"அப்பக் கோடி இல்லாமலேயா தூக்குனீக?"



எங்கள் பக்கத்தில் ஒரு பெண் இறந்துவிட்டால், பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ புதுச்சேலை கொண்டுவந்து அவள்மேல் போட வேண்டும். அதுதான் கோடி. அது வரும்வரை எடுக்க மாட்டார்கள். கடமலைக்குண்டில் கட்டிக்கொடுத்த என் அக்கா இறந்தபோது கோடி எடுத்துக்கொண்டு போனவன் நான்தான். வழியில் பஸ் நின்றுபோய், நான் போய்ச் சேர்வதற்குள் பொழுது சாயத் தொடங்கிவிட்டது. ஊரே காத்திருந்தது. "தம்பி வந்துட்டாக, வழி விடுங்க" என்று கூட்டம் விலகியது இன்னும் என் காதில் இருக்கிறது. அப்படிப்பட்டவனுக்கு யானை ஞாபகம் வந்தது, சேகண்டி ஞாபகம் வந்தது, ஒரு சேலை ஞாபகம் வரவில்லை.

"ராசாக்க ஏழு பேரு வந்தாக, ஒரு சேலை கொண்டார ஆளில்லையான்னு இங்கன பொம்பளைக பேசிக்கிட்டாக. அதான் கேட்டேன்," என்றாள் ஜெயராணி. பிறகு அவளே சொன்னாள். "எனக்கும் அப்படித்தாண்ணே. ரெண்டு அண்ணன் இருக்காக, ஜெயமங்கலம் பக்கம். நாங்க வேதக்காரவுக, சர்ச்சுக்குப் போறவுக; இவரு அப்படியில்ல. நான் இவரக் கட்டிக்கிட்டு வந்ததுல இருந்து பேச்சுவார்த்தை இல்ல. எங்கம்மா செத்ததுக்கே சொல்லி விடல. நேத்து ஒருத்தி சொல்றா, முகிலாயிக்கே கோடி இல்லையாம், ஒனக்கு என்னடின்னு. வெளாட்டுக்குத்தான் சொன்னா."

"மாத்தி எழுதிருவோமாம்மா?"

"ஐயோ, அதெல்லாம் வேணாம்ணே. யாரு போட்டான்னு தெரிஞ்சுக்கலாம்னுதான் கேட்டேன்."

ரீடேக்

அவள் வேண்டாம் என்றாலும் எனக்கு மனசு ஆறவில்லை. தினேஷைக் கூப்பிட்டேன்.

"போன எபிசோடை யாராவது தோண்டுவாங்களா சார்? ஒரு சேலைக்காகவா?"

"ஒரு சேலைக்காகத்தான் தம்பி."

அவர் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர். விளக்கிச் சொன்னேன். "எங்க பாட்டி சாவுல கூட ஏதோ சேலைக்கு வெயிட் பண்ணாங்க சார். ரெண்டே நிமிஷம். அதுக்கு மேல போனா ஆளு ஓடிடுவாங்க," என்றார்.

அந்த இரண்டு நிமிடத்துக்காக இரண்டு நாள் உட்கார்ந்தேன். பாடை மலை ஏறுகிறது. ஏலக்காய் எடுக்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர் வழியை மறித்து நிற்கிறார்கள். ஒருத்தி கையில் புதுச்சேலை. "நீங்க யாரு?" என்று ராஜா கேட்கிறார். "பொறந்த வீடு. எறக்குங்க," என்கிறாள். ஏழு ராஜாக்களும் பாடையை இறக்கி வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார்கள்.

என் எழுத்தில் இதைவிட நல்ல இடம் கிடையாது. கமெண்டில் ஆளாளுக்கு அழுதிருந்தார்கள். குறைந்துபோன கூட்டம் மறுபடி ஏறியது என்று தினேஷே போன் பண்ணிச் சொன்னார்.

ஜீப் மேலே போய் இரண்டு நாள் கழித்து நானே ஜெயராணியைக் கூப்பிட்டேன். பரீட்சையில் பாஸான பையன் மாதிரிதான் பேசினேன்.

"கேட்டியாம்மா? கோடி போட்டாச்சு."

"கேட்டேண்ணே. நல்லா இருந்துச்சு. இங்கன எல்லாரும் அழுதுட்டாக."

"நீ?"

பின்னால் பெண்கள் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"நான் கேட்டதுக்குப் பெறகுதானேண்ணே போட்டீக," என்றாள். "நீங்களா நெனச்சிருந்தா எப்படி இருந்திருக்கும்னு பாத்தேன். கேட்டு வந்தா அது கோடி இல்லண்ணே."

குரலில் கோபம் இல்லை. உண்மையைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். நான்தான் நொறுங்கிப்போனேன். பேச்சுக்குப் பேச்சு அண்ணே, அண்ணே என்கிறாள். "ஒனக்கு நான் இருக்கேம்மா, நான் கொண்டாரேன்" என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருந்தால் அதுவும் கேட்டுப் போட்ட கோடியாகத்தான் இருந்திருக்கும்.

"வேலை இருக்குண்ணே, வச்சிரவா?" என்று வைத்துவிட்டாள்.

அதன்பிறகு எத்தனையோ பேரைச் சாகடித்துவிட்டேன். கந்தர்வன், நாகராஜன், ஆயிரம் வருடத்து மந்திரவாதி என்று கணக்கே இல்லை. ஜெயராணி இப்போது எங்கள் தொடர்களைக் கேட்பதில்லையாம், ஜீப் டிரைவர் சொன்னார். வேறு ஏதோ சமையல் நிகழ்ச்சி கேட்கிறாளாம்.

புதிதாக எழுத வருகிற பிள்ளைகளே, உங்கள் கதையிலும் ஒருநாள் சாகாவரம் பெற்றவள் சாவாள். எல்லாரையும் தாண்டி வாழ்ந்தவள் என்பதாலேயே அவளுக்குச் சொந்தம் என்று யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். சங்கும் யானையும் எங்கேயும் போய்விடாது, அவற்றைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். அவளுக்கு யார் கோடி கொண்டுவருகிறார்கள் என்பதை முதலில் எழுதுங்கள். யாரும் போன் பண்ணிக் கேட்பதற்கு முன்னால் எழுதிவிடுங்கள்.